நிர்மலாதேவியின் காறை எலும்பு

அரூர் அரசுப் பள்ளி விளையாட்டு ஆசிரியை நிர்மலாதேவி, தொப்பூர் இறக்கத்தில் சைக்கிளோடு விழுந்து வலது தோளுக்கும் கழுத்துக்கும் நடுவிலுள்ள காறை எலும்பை முறித்துக்கொண்டாள். லாரி இடித்துவிட்டது என்று எல்லோரிடமும் சொன்னாள். உண்மையில் யாரோ வீசிப்போன இளநீர் மட்டையின்மேல் முன்சக்கரம் ஏறியிருந்தது. நாற்பத்திரண்டு வயதில் இளநீர் மட்டையிடம் தோற்றதைச் சொல்ல வாய் வரவில்லை.

ஏழு மாதத்தில் அவளுக்கு மூன்று நாள் பந்தயம் ஒன்று காத்திருந்தது. முதல் நாள் பத்து கிலோமீட்டர் நீச்சல், கரையேறியதும் நூற்று நாற்பத்தைந்து சைக்கிளில். இரண்டாம் நாள் சைக்கிளிலேயே இருநூற்று எழுபத்தாறு. மூன்றாம் நாள் எண்பத்து நான்கு கிலோமீட்டர் ஓட்டம்.

"இதையே ஜெயில்ல தண்டனையா குடுத்தா கேஸ் போட்டுருவாங்க," என்றான் கணவன் குப்புராஜ். டிராக்டர் உதிரிபாகக் கடை வைத்திருப்பவன். பஸ் ஸ்டாண்டுக்குக்கூட பைக்கில்தான் போவான்.

பிசியோதெரபிஸ்ட் சவுரியப்பன் அவள் கையை மெல்லத் தூக்கிப் பார்த்தார்.

"லாரிங்களா டீச்சர்? லாரி அடிச்சா ஒத்த எலும்போட விடாதுங்களே."

அவள் சுவரிலிருந்த எலும்புக்கூட்டுப் படத்தைச் சற்றுநேரம் பார்த்தாள். "இளநி மட்டைங்க."

"அப்பச் சரி. வலியையும் இப்பிடியே உள்ளபடி சொல்லிடுங்க."

மூன்று மாதம் ரப்பர் பட்டையை இழுத்த பிறகு நீந்த அனுமதி கிடைத்தது. பக்கத்தில் ஆழமான தண்ணீர் என்றால் விவசாயி மாதேஷின் வட்டக் கிணறுதான். வலது தோளில் வலுவில்லாததால் அவள் வலது பக்கமாகவே சுற்றினாள். தினமும் நூறு சுற்று.

"ஜிலேபி மீனுங்கல்லாம் கிறுக்குப் புடிச்சாப்ல திரியுதுங்க டீச்சர்," என்றான் மாதேஷ். "எதிர்ப்பக்கமும் கொஞ்சம் சுத்துங்க."

அவள் கேட்கவில்லை.

ஐந்தாம் மாதம் ஏரியில் இறங்கினாள். அக்கரையைக் குறிவைத்துத் தலையைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி நீந்தி, பதினைந்து நிமிடம் கழித்துக் கரை தட்டியதும் நிமிர்ந்தாள். எதிரே, புறப்பட்ட கரையில் விட்டுவந்த குப்புராஜ் டிபன் பாக்ஸோடு நின்றான்.

"ஏன், எதையாச்சும் மறந்துட்டியா?"

அவள் சேற்றில் உட்கார்ந்து அழுதாள். "உட்டுடறேங்க. வூட்டுக்குப் போலாம்."

இந்த வார்த்தைக்காகத்தான் அவன் ஐந்து மாதமாகக் காத்திருந்தான். கேட்டதும் சந்தோஷம் வரவில்லை. மறுநாள் ஒகேனக்கல்லிலிருந்து பரிசல் ஒன்றைக் கொண்டுவந்து இறக்கினான். நீச்சல் தெரியாததால் இடுப்பில் டிராக்டர் டியூப்பை மாட்டிக்கொண்டு, அவள் வலப்பக்கம் ஒதுங்கும்போதெல்லாம் துடுப்பால் தண்ணீரை அறைந்தான். "இடது! இடதுன்னு சொல்றன்ல!" பரிசல் தன்பாட்டுக்குச் சுற்றியதால் பாதி நேரம் அவன் முதுகைக் காட்டிக்கொண்டே கத்தினான். ஆனாலும் அவள் நேராக நீந்தப் பழகினாள்.

பந்தயத்தில் நீச்சலைக் கடைசி ஆளாக முடித்தாள். இரண்டாம் நாள் சைக்கிளின்மேல் குனிந்தே இருந்ததில் தோள் மரத்துப்போனது. பன்னிரண்டு மணி நேரக் கெடு முடிந்தபோது இன்னும் ஒன்பது கிலோமீட்டர் பாக்கி. நடுவர் நிறுத்திவிட்டார்.

"நாளைக்கு ஓடலாம் மேடம். ஆனா முடிவுப் பட்டியல்ல பேர் வராது."

குப்புராஜ் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு சண்டைக்குப் போனான். அவள் அவன் கையைப் பிடித்தாள்.

"தண்ணி குடுப்பீங்களா?" என்று நடுவரைக் கேட்டாள்.

"குடுப்போம்."

"வாழப்பழம்?"

"அதுவும் உண்டு."

"அப்ப ஓடறேன்."

மறுநாள் ஓடினாள். அறுபதாவது கிலோமீட்டரில் அவள் முகம் கோணுவதைப் பார்த்த குப்புராஜ், பின்னாலேயே ஓட்டிவந்த வண்டியை ஓரங்கட்டிவிட்டுச் செருப்புக் காலோடு கூட ஓட ஆரம்பித்தான். முக்கால் கிலோமீட்டரில் கெண்டைக்கால் பிடித்து ரோட்டோரம் சாய்ந்தான். அவள் உட்கார்ந்து ஐந்து நிமிடம் நீவிவிட்டாள்.

"சனம் பாக்குது, நீ ஓடு," என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு.

சாயங்காலம் அவள் எல்லைக்கோட்டை எட்டியபோது பந்தல் வளைவைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். ஏணியைத் தள்ளிப் பிடித்து வழிவிட்டார்கள். கடிகாரத்தை ஏற்கெனவே மூட்டை கட்டியாகியிருந்தது. கூட்டம் கலைந்துபோன மருத்துவக் கூடாரத்துக்குள் போனாள். அங்கே இருந்த ஒரே கட்டிலில் குப்புராஜ் காலில் ஐஸ் கட்டியோடு படுத்திருந்தான்.

"தள்ளிப் படுங்க," என்றாள்.