மேற்குச் சரிவின் தூர்கள்

கிழக்கு வெளுக்கும் முன்பே நெட்டையக்கா கடப்பாறையைத் தோளில் சாய்த்துக்கொண்டு மலையேறினாள். முன்பெல்லாம் அந்நேரம் பாறை சில்லென்று கிடக்கும். இப்போது வெறுங்காலை வைத்தால், அணைக்க மறந்த அடுப்புப் போலக் கணகணவென்றிருந்தது.

விறகை அடுக்கி மண்ணால் மூடி எரித்துக் கரியாக்கும் கரிமூட்டக்காரர்கள் மரத்தை அடியோடு வெட்டுவதில்லை. ஒரு சாண் விட்டுத்தான் வெட்டுவார்கள். ஒரு மழை போதும், மிஞ்சிய அடிக்கட்டையான அந்தத் தூர் தளிர்த்துவிடும். சில வருஷத்தில் மறுபடியும் விறகு. போன வருஷம் முதலாளி தூரையும் தோண்டச் சொன்னார். கூலி கூடுதலாக வருகிறதே என்று அவளும் மற்றக் கூலியாட்களும் கிழக்குச் சரிவை மொட்டையடித்தார்கள். அடுத்த மழை மண்ணை வாரிக்கொண்டு போனது. ஊற்று வற்றியது. அங்கிருந்து வந்த காற்று முகத்தைப் பொசுக்கியது. நேற்று அந்தக் காற்றில் மூட்டத்துக்கு மண் அணைத்துக்கொண்டிருந்த அவள் புருஷன், வியர்வை நின்றுபோய்ச் சுருண்டு விழுந்தான். குடிசையில் ஈரத்துணி போர்த்திக் கிடக்கிறான்.

"அண்ணன் கண்ணைத் திறந்துச்சா அண்ணி?" பின்னால் வந்த நாத்தனார் கேட்டாள்.

"திறந்துச்சு. என்னை யாருன்னுதான் தெரியல."

"கட்டிக்கிட்ட நாள்லேருந்தே அப்படித்தானே."

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு பாதியில் நின்றுபோனது.

மேற்குச் சரிவில் வெட்டிய தூர்களிலிருந்து முழங்கால் உயரத்துக்குத் தளிர்கள் நின்றன. மலையில் பச்சையென்று மிச்சமிருந்தது அவ்வளவுதான். அவர்கள் போய்ச் சேர்வதற்குள் வெயில் ஏறிவிட்டது; மற்றக் கூலியாட்கள் கடப்பாறையோடு காத்திருக்க, முதலாளி குடைக்குள் நின்றிருந்தார்.

"வேடிக்கை பார்க்கவா வந்தீங்க? தோண்டுங்க."

"இதையும் தோண்டிட்டா அப்புறம் எதை வெட்டுறது முதலாளி?"

"நான் வேற மலையைக் குத்தகைக்கு எடுத்துக்குவேன்."

"நாங்க?"

"தோண்டலைன்னா குடிசையைக் காலி பண்ணுங்க. இடம் என்னோடது."

படுத்துக் கிடப்பவனை எங்கே தூக்கிப் போவது? கடப்பாறையை ஓங்கித் தூரடியில் குத்தினாள். மண் பெயர்ந்தது. உள்ளே விரலை விட்டாள். குளிர்ந்திருந்தது. கையை எடுக்க மனம் வரவில்லை. புருஷனின் கொதிக்கும் நெற்றி ஞாபகம் வந்தது.

பெயர்த்த மண்ணை மெல்லத் திரும்பத் தள்ளி மூடினாள். கடப்பாறையைப் பாறைமேல் வைத்தாள்.

"என்னால ஆகாது முதலாளி."

"அண்ணி, குடிசை?" நாத்தனார் கிசுகிசுத்தாள்.

"தெரியலடி."

நாத்தனார் தன் கடப்பாறையையும் அதன்மேல் போட்டாள். இரும்போடு இரும்பு மோதிய சத்தத்தில் மற்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒவ்வொருவராக வந்து போட்டார்கள்.

வெயில் உச்சிக்கு வரும்வரை முதலாளி கத்தினார். கடைசியில் ஒரு கடப்பாறையைத் தானே எடுத்து நீட்டக் குனிந்தவர், காய்ந்த இரும்பு சுட்ட கையை உதறிக்கொண்டார். யாரும் சிரிக்கவில்லை.

"சாயங்காலம் முதல்ல உன் குடிசையைப் பிரிக்க ஆள் வரும்" என்று நெட்டையக்காவிடம் சொல்லிவிட்டு வண்டியேறினார்.

தளிர்களின் துண்டு நிழலில் எல்லாரும் தலையை மட்டும் நுழைத்து உட்கார்ந்திருந்தார்கள்.

"எல்லாரும் அண்ணி குடிசைக்குப் போயிடுவோம்" என்றாள் நாத்தனார். "உள்ளே இத்தனை பேரை வச்சுக்கிட்டு எப்படிப் பிரிக்கிறாங்கன்னு பார்ப்போம்."

"அத்தனை பேருக்கு இடம் ஏதுடி?"

"நின்னுக்கிட்டு இருப்போம்."

இறங்கும் முன், ஆளாளுக்குக் குடிக்க வைத்திருந்த மிச்சத் தண்ணீரை நெட்டையக்காவின் குடத்தில் ஊற்றினார்கள், அவள் புருஷனின் துணியை நனைக்க. குடம் நிறையவில்லை. ஆனாலும் இடுப்பில் ஏற்றியபோது கனத்தது.