திறப்பு விழாவும் காத்தோட்டிக்காயும்

ஆடி அமாவாசை அன்று மத்தியானம் வரைக்கும்தான் காத்தோட்டிக்காய்க்கு மரியாதை. அதற்குப் பிறகு சும்மா கொடுத்தாலும் வாங்க ஆளில்லை. முட்பற்றைக்குள் காய்க்கிற கைப்புக்காய் அது. மற்ற நாட்களில் அதை ஏனென்று கேட்பாரில்லை. ஆனால் தகப்பனை இழந்த யாழ்ப்பாணத்துக்காரர் அன்று விரதமிருந்து, கடலில் முழுகித் தர்ப்பணம் செய்து வீட்டில் படைக்கும்போது, சோற்றுக்குப் பக்கத்தில் அந்தக் கறி இருந்தே ஆகவேண்டும். மலைநாட்டிலிருந்து வந்து கொட்டாஞ்சேனையில் குடியிருக்கிற சுபாஷினியின் அடுப்பில் அந்தக் காய் ஒருநாளும் ஏறியதில்லை. ஆனால் ஒன்பது வருசமாக வெள்ளவத்தை நடைபாதையில் சாக்கு விரித்து மரக்கறி விற்கிறவள் அவள். அந்தச் சனத்தின் விரதமெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

இந்த வருசம் அவளுக்குப் புத்தி எங்கே போனதோ தெரியாது. அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதையாக, நடைபாதையை விட்டுவிட்டு நாகேந்திரத்தாரின் 'உழவர் சந்தையும் விடுமுறைக் கலைவிழாவும்' நடந்த மைதானத்துக்குப் போனாள்.

நாகேந்திரம் வங்கியில் மனேச்சராக இருந்து ஓய்வுபெற்றவர். விழாக்குழுத் தலைவர். மாதத்துக்கு ஒரு சந்தை வைக்கப்போகிறோம், கூடாரமும் மேசையும் தருகிறோம், முதல் சந்தையில் சட்டதிட்டப்படி நடந்துகொண்டால் உங்களுக்கு நிரந்தர இடம் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். மழை வந்தால் கடை வாசலுக்கும், பொலிஸ் வந்தால் ஒழுங்கைக்குள்ளும் ஓடுகிறவளுக்கு அது சின்ன வாக்கா? வாடிக்கைக்காரர் எல்லோருக்கும் போன் எடுத்து, அமாவாசைக்குக் காய் மைதானத்தில்தான், அங்கே வாருங்கள் என்று சொல்லிவிட்டாள். வவுனியாவிலிருந்து பஸ்ஸில் வந்த முப்பது கிலோவை விடியப் புறக்கோட்டையில் இறக்கி, ஓட்டோவில் ஏற்றி, ஏழு மணிக்கே மேசையில் பரப்பியும் விட்டாள். இந்த வருசம் காய்ப்புக் குறைவு. மற்ற வியாபாரிகளுக்கு ஆளுக்கு இரண்டு மூன்று கிலோவுக்கு மேல் கிடைக்கவில்லை. அதைக் கேட்டு அவள் உள்ளுக்குள் சந்தோசப்பட்டாள் என்பதையும் மறைப்பானேன்?

ஏழரைக்கே சனம் வந்துவிட்டது. முதலில் வந்தவள் மாடிவீட்டு நிருஷா. அவளுடைய புருஷன் கடற்கரைக்குத் தர்ப்பணம் செய்யப் போயிருந்தான். அவன் திரும்பி வருவதற்குள் சமையலை முடிக்கவேண்டும் என்ற அவசரத்தில் நின்றாள். அரைக் கிலோ கேட்டாள். சுபாஷினி காயை அள்ளித் தராசில் போடப்போனாள். நாகேந்திரம் குறுக்கே கையை நீட்டினார்.

"பொறுங்கோ தங்கச்சி. பிரதம விருந்தினர் வந்து ரிபன் வெட்டாமல் ஒரு சாமானும் விக்கேலாது. சட்டதிட்டத்தில போட்டிருக்கு."

ஒன்பது மணிக்குத் திறப்பு, அதுவரை ஒரு கண்ணைச் சிமிட்டுகிற நேரம்தானே என்றார். ஒன்பதும் வந்தது. விருந்தினர் வரவில்லை. ஆடி அமாவாசை அன்றைக்குத் திறப்பு விழா வைத்தவர்கள், விருந்தினருக்குத் தகப்பன் இருக்கிறாரா இல்லையா என்று ஒரு வார்த்தை விசாரித்தார்களா? இல்லை. அழைப்பிதழில் பெயருக்கு முன்னால் எத்தனை பட்டம் போடுவது என்பதற்கு மட்டும் மூன்று கூட்டம் கூடினார்களாம்.

ஒன்பதரைக்கு நிருஷா கைப்பையைத் தோளில் மாட்டினாள். தான் பாகற்காயை வைத்துச் சமாளிக்கப்போவதாகச் சொன்னாள். அதோடு விட்டிருக்கலாம். "உங்களை நம்பித்தானே இஞ்ச வந்தனாங்கள்" என்று இன்னொன்றையும் சொல்லிவிட்டுப் போனாள். சுபாஷினிக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. நிருஷாவைப் பார்த்து மற்றவர்களும் ஒவ்வொருவராக வெளியே போனார்கள். ஒன்பது வருசமாகச் சேர்த்த வாடிக்கை அவள் கண்ணுக்கு முன்னால் கேற்றைத் தாண்டிப் போயிற்று.

பத்து மணிக்குக் கூட்டத்தைப் பிடித்து வைக்கக் கலைநிகழ்ச்சியைத் தொடங்கினார்கள். கண்டாங்கி கட்டிய சின்னப் பிள்ளைகள் கூடை சுமந்து சந்தைக்காரிகளாக ஆடினார்கள். கூடைக்கு நிறம் வேண்டும் என்று அவளுடைய மேசையிலிருந்த கத்தரிக்காயையும் கீரையையும்தான் கேட்டு வாங்கிப் போயிருந்தார்கள். மேடையில் அமோக வியாபாரம் நடந்தது. கீழே ஒரு காம்பு கீரை விலைப்படவில்லை.

அவள் நாகேந்திரத்திடம் மூன்று தரம் போய்க் கெஞ்சினாள். இது மத்தியானத்துக்குப் பிறகு குப்பைங்க ஐயா, ஒரு மூலையில் வைத்தாவது விற்கிறேன் என்றாள். அவர் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் அவளும் நாலு வார்த்தை திருப்பிக் கேட்டிருப்பாள். ஒருநாள் பொறுத்தால் வருசம் முழுக்க இடம் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். சாக்கைத் தூக்கிக்கொண்டு பழைய நடைபாதைக்கே ஓடிவிடலாமா என்று பதினொரு மணிவரைக்கும் அவள் மனது அடித்துக்கொண்டது. ஆசை யாரை விட்டது! நிரந்தர இடம் என்ற இரண்டு சொல் அவளை அந்தக் கதிரையிலேயே பிடித்து இருத்தி வைத்தது. தன்மேலேயே அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

பன்னிரண்டே காலுக்குப் பிரதம விருந்தினர் சவுந்தரநாயகம் வந்து இறங்கினார். பெரிய கம்பனி ஒன்றின் பணிப்பாளர். வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு. மாலை போட்டார்கள், பொன்னாடை போர்த்தினார்கள், விளக்கேற்றினார்கள். ரிபனுக்கு முன்னால் இரண்டு வார்த்தை பேசச் சொல்லி மைக்கைக் கையில் கொடுத்தார்கள்.

"சுணங்கினதுக்கு மன்னிக்கவேணும்" என்று தொடங்கினார். "அப்பா போய் இது முதல் ஆடி அமாவாசை. எட்டு மணிக்குத் தர்ப்பணம் முடிஞ்சுது. காத்தோட்டிக்காய் இல்லாமல் படைக்கக்கூடாதெண்டு அம்மா ஒரே பிடியா நிண்டிட்டா. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெகிவளை எண்டு பதினொரு மணி மட்டும் தேடினன். எல்லா இடமும் முடிஞ்சுதாம். கடைசியில அது இல்லாமலே படைச்சுப்போட்டு வாறன்."

முன்வரிசையில் இருந்தவர்கள் உச்சுக் கொட்டினார்கள். சுபாஷினி எழுந்து நின்றாள்.

"ஐயா, இங்க முப்பது கிலோ இருக்குங்க. காலையில ஏழு மணியில இருந்து இருக்கு. நீங்க வந்து ரிபன் வெட்டுறவரைக்கும் விக்கக்கூடாதுன்னு வச்சிருக்காங்க."

சவுந்தரநாயகம் மைக்கைக் கீழே இறக்கினார். அவளுடைய மேசையைப் பார்த்தார். பிறகு நாகேந்திரத்தைப் பார்த்தார். தட்டிலிருந்த கத்தரிக்கோலை எடுத்து ரிபனை வெட்டினார். நாலைந்து பேர் கை தட்டினார்கள். அவர் யாரோடும் படம் எடுத்துக்கொள்ளாமல் காரை நோக்கி நடந்துவிட்டார்.

நாகேந்திரம் லேஞ்சியால் கழுத்தைத் துடைத்தபடி அவளுடைய மேசைக்கு வந்தார். அந்த மனுசனுக்கும் முகம் கறுத்துத்தான் போயிருந்தது. ஆனாலும் சொல்லவேண்டியதை முறைப்படி சொன்னார்.

"சரி தங்கச்சி. இனி நீங்கள் தாராளமா விக்கலாம்."

சுபாஷினி சாக்கின் வாயைக் கட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"யாருக்குங்க ஐயா?" என்று கேட்டாள்.