தொப்புளுக்கு மேலே ஒரு முடிச்சு

கிரேன் ஓட்டுகிறவளுக்கு உயரத்தைக் கண்டு பயம் வந்துவிட்டது என்று வெளியே சொன்னால், மீனுக்கு ஜலதோஷமா என்று சிரிப்பார்கள். அதனால் அவள் மூச்சு விடவில்லை.

போன மாதம் கம்பிக்கட்டு ஒன்றைத் தூக்கும்போது வடம் அறுந்துவிட்டது. கட்டு முழுவதும் கீழே இருந்த தகரக் கொட்டகை மேல் விழுந்து, கொட்டகை தரையோடு தரையாக நசுங்கியது. கீழே நின்று சைகை காட்டுகிறவர் அப்போதுதான் தண்ணீர் குடிக்க அதிலிருந்து வெளியே வந்திருந்தார். விசில் அண்ணன் என்றுதான் எல்லாரும் அவரைக் கூப்பிடுவார்கள். "எமன் எட்டிப் பாத்துட்டு, ஆள் இல்லன்னு திரும்பிட்டான்" என்று அவர் எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றிலிருந்து ஏணியில் கால் வைத்தாலே தொப்புளுக்கு மேலே யாரோ ஈரத்துணியை முறுக்கிப் பிழிகிற மாதிரி இருந்தது. சோறு தொண்டையைத் தாண்டவில்லை. டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, வயிற்றில் ஒன்றுமில்லை என்றார்.

கண்டுபிடித்தது தங்கச்சிதான். தையல் கடைக்கு மேல் மாடியில் யோகா வகுப்பு நடத்துகிறவள்.

"அக்கா, நீ பயந்துபோயிருக்க. பொய் சொல்லாத, மூஞ்சியே காட்டுது."

பாயில் உட்காரவைத்து, மேல்வயிற்றில் கையை வைத்தாள். "இங்கதான் மணிபூரகச் சக்கரம். வயித்துக்குள்ள ஒரு அடுப்புன்னு வச்சுக்கோ. ரொம்ப எரிஞ்சா, வாயைத் திறந்தாலே சண்டை. அணைஞ்சுபோனா, எதைப் பாத்தாலும் நடுக்கம். அளவா எரியணும்."

படகு ஆசனம் செய்யச் சொன்னாள். அக்கா கால்களைத் தூக்கினாள். பொத்தென்று பக்கவாட்டில் சாய்ந்தாள்.

"கவுந்துருச்சுடி."

"கவுந்தாலும் கரையிலதான இருக்க, திரும்ப தூக்கு."

வயிற்றை உள்ளே வெட்டி வெட்டி மூச்சை ஊதவும் பழக்கினாள். "ஆனா இது தெம்பு வேணும்போது செய்யறது. பயத்துல இருக்கறப்ப இப்படி ஊதாத, தலை சுத்திடும். அப்ப வெளிய விடற மூச்சை மட்டும் நீட்டு."

அன்றைக்குக் காலையில் வானம் வெளுப்பாக, நல்ல பிள்ளை மாதிரி இருந்தது. ஒன்பதாம் மாடிக்குக் கண்ணாடிப் பலகைகளை ஏற்ற வேண்டும். அங்கே மேஸ்திரியும் ஆட்களும் வாங்கக் காத்திருந்தார்கள். அவள் வழக்கம்போல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏறி, கூண்டுக்குள் உட்கார்ந்து, கண்ணாடி அடுக்கிய முதல் சட்டத்தைத் தூக்கினாள்.

ஏழாம் மாடி உயரத்தில் காற்று வந்தது. சொல்லாமல் கொள்ளாமல், ஒரு பக்கமாக. கண்ணாடிச் சட்டம் கப்பல் பாய்போல் காற்றை வாங்கித் திரும்பியது. கூண்டில் எச்சரிக்கை மணி கத்தத் தொடங்கியது. கீழே ஆட்கள் எறும்பாகச் சிதறினார்கள்.

வாக்கிடாக்கியில் மேஸ்திரி. "இன்னும் ரெண்டு மாடிதானம்மா! சட்டுனு ஏத்திடு, நாங்க புடிச்சுக்கறோம்!"

அவள் கை பிடியின் மேலேயே உறைந்துவிட்டது. விரல்களை அசைக்கச் சொன்னால் அவை வேறு யாருடைய விரல்களோ என்பதுபோல் இருந்தன. நசுங்கிய தகரம் கண்ணுக்குள் வந்தது. பதற்றத்தில் ஊதும் மூச்சைச் செய்தாள், வேகவேகமாக. கண் இருண்டு, உதடு மரத்துப்போனது. செத்தோம் என்று நினைத்தாள்.

இது இல்லை. நீட்டு.

இடது கையை மேல்வயிற்றில் அழுத்தினாள். வாயைக் குவித்து, சூடான பாலை ஆற்றுகிற மாதிரி மெல்ல விட்டாள். பாதியிலேயே அறுந்தது. மறுபடி விட்டாள். கையின் அடியில் வயிறு தாழ்ந்தது. பயம் போகவில்லை, அப்படியே இருந்தது. ஆனால் முடிச்சு கொஞ்சம் நெகிழ்ந்தது. விரல்கள் அவளுடையவை ஆயின.

"ஏம்மா, காது கேக்குதா? ஏத்து!"

"முடியாது சார். கீழ இறக்கறேன். நீங்க எல்லாரும் ஓரத்தை விட்டு உள்ள போங்க."

"உன்கிட்ட நான் கேக்கல, சொல்றேன்!"

"கேட்டுச்சு சார். இறக்கறேன்."

அதற்கு முன் அவரிடம் அவள் முடியாது என்று சொன்னதே இல்லை. குரல் நடுங்கியது; வார்த்தை நடுங்கவில்லை. விசில் அண்ணனின் சைகையை மட்டும் பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு மூச்சுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக வடத்தை இறக்கினாள். சட்டம் ஆடியது, சுழன்றது, கடைசியில் மணலில் பதிந்தது. அண்ணன் கொக்கியைக் கழற்றிவிட்டு இரண்டு கையையும் தூக்கினார்.

அதோடு முடியவில்லை. அந்தக் காற்றில் ஏணியில் இறங்க முடியாது. கிரேனின் கையை இறுக்கிப் பிடித்து வைத்தால் கிரேனே முறியும். பிரேக்கை விட்டுவிட்டு, காற்று இழுக்கிற பக்கம் சுற்றட்டும் என்று உள்ளேயே உட்கார வேண்டும். பிரேக்கை விட்டாள். இரும்பு முனகியது. நகரம் முழுவதும் ஜன்னலுக்கு வெளியே வழுக்கிக்கொண்டு ஓடியது. கண்ணை மூடினால் இன்னும் மோசம். கண்ணைத் திறந்தபடி, வயிற்றில் கை வைத்து, மூச்சை விட்டாள், இழுத்தாள், விட்டாள். நடுவில் அழுதாள். அழுதுகொண்டே விட்டாள்.

எப்போது காற்று தணிந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. தரையில் கால் வைத்ததும் மணலிலேயே உட்கார்ந்தாள்.

மேஸ்திரி வந்து நின்றார். முகத்தில் ரத்தமே இல்லை. முழங்கையெல்லாம் சிராய்ப்பு.

"தூணைக் கட்டிக்கிட்டு படுத்துக் கிடந்தோம்மா" என்றார். "ஓரத்துல நின்னுருந்தா எங்களையே தூக்கியிருக்கும். கண்ணாடிய எங்க புடிக்கறது?"

அவர் பக்கத்திலேயே மணலில் உட்கார்ந்தார். அவருக்கு மூச்சு இன்னும் வேகவேகமாக இரைத்தது.

"வயித்துல கைய வைங்க சார்," என்றாள். "மூச்ச மெதுவா வெளிய விடுங்க. உள்ள இழுக்கறது தானா நடக்கும்."