குற்றம் செய்தவனுக்கு ஒரு வக்கீல்

வீடியோ கேம்களை ஆடிப் பார்த்து பத்திரிகையில் மதிப்பெண் போடுவது அவள் வேலை. அந்த வாரம் கைக்கு வந்தது, அவள் உயிரை விட்டு ஆடிய நீதிமன்ற விளையாட்டின் இரண்டாம் பாகம். முதல் பாகத்தில் ஆடுபவர்தான் வக்கீல். கட்சிக்காரர் எப்போதும் நிரபராதி. சாட்சியின் பொய்யைப் பிடித்து "ஆட்சேபனை!" பொத்தானை அழுத்தினால் நீதிமன்றமே அதிரும். அதற்குப் பத்துக்குப் பத்து போட்டிருந்தாள்.

இதிலும் முதல் வழக்குகள் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. கடைசி வழக்கில்தான் இடித்தது. ஒரு கிழவரின் கடைக்குத் தீ வைத்ததாகப் பிடிபட்ட இளைஞன், விசாரணையின் இடைவேளையில் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்: "நான்தான் வெச்சேன். உள்ள ஆள் இருந்தது தெரியாது."

திரையில் இரண்டே பொத்தான்கள். தொடர்ந்து வாதாடு. விலகிக்கொள்.

விலகிக்கொண்டாள். வேறொரு வக்கீல் வந்து கடமைக்கு ஏதோ முனகினார். ஆள் இருப்பது தெரிந்தே தீ வைத்தான் என்று தீர்ப்பாகிவிட்டது.

அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுந்து அடுப்பைத் துடைத்தாள். துடைத்த அடுப்பையே மறுபடி துடைத்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கியவள், எதற்கு இறங்கினோம் என்று தெரியாமல் திரும்ப ஏறி வந்தாள்.

பத்திரிகை ஆசிரியர் போன் செய்தார். "என்னம்மா, மார்க் எவ்வளவு?"

"அஞ்சு சார்."

"பத்து வாங்கின கேமோட தம்பிக்கு அஞ்சா? ஏன்?"

"ஆடும்போது ஒரு மாதிரி சங்கடமா இருக்கு சார்."

"கேம் மோசமா, உனக்குச் சங்கடமா? ரெண்டும் வேற வேறம்மா."

"சாயங்காலம் சொல்றேன் சார்."

அவளுடைய அக்கா நிஜ வக்கீல். சிவப்பு விளக்கில் நிற்காமல் போய் ஒரு பெண்ணின் காலை நசுக்கிய லாரி டிரைவருக்காக ஆஜராகிறாள். அதைக் கேள்விப்பட்ட அன்று, "உனக்கு வேற ஆளே கெடைக்கலையா?" என்று இவள் கத்தியதோடு பேச்சுவார்த்தை அறுந்துபோயிருந்தது. இப்போது இவளே போனை எடுத்தாள்.

"அக்கா."

"அடேயப்பா, என் நம்பர் ஞாபகம் இருக்கா?"

"அந்த டிரைவர் மேல தப்புன்னு உனக்குத் தெரியுமா?"

"அவன் என்கிட்ட சொன்னத நான் யார்கிட்டயும் சொல்லக்கூடாது. உன்கிட்டயும்தான்."

"சரி, தெரியும்னே வெச்சுக்கோ. எப்படி எழுந்து நிப்ப?"

அக்கா பெருமூச்சு விட்டாள். "கஷ்டம்தான். நின்னுதான் ஆகணும். குடிச்சிட்டு ஓட்டினான்னு சொல்றாங்க. ரத்தப் பரிசோதனையில அப்படி இல்ல. யாரும் கேக்கலன்னா அதையும் சேர்த்து அவன் தலையில கட்டிடுவாங்க."

"அந்தப் பொண்ணு?"

"நாளைக்கு அவள நான் விசாரிக்கணும். அதை நெனச்சா சோறு எறங்கல."

அவள் மறுபடி ஆடினாள். இம்முறை தொடர்ந்து வாதாடினாள். தீக்காயத்துக்குக் கட்டுப்போட்ட கைகளோடு சாட்சிக் கூண்டில் நின்ற கிழவரைக் கேள்வி கேட்கும்போது விரல் வியர்த்து பொத்தானில் வழுக்கியது. இளைஞனுக்குச் சிறைதான், ஆனால் செய்ததற்கு மட்டும். யாரும் கைதட்டவில்லை. இசைகூட இல்லை.

ஒன்பது போட்டாள். இரண்டாவது வழக்கின் சவசவத்த துப்பறிதலுக்காக ஒன்று குறைத்தாள். "இதை முடித்ததும் சந்தோஷம் வராது, ஆனாலும் பாதியில் எழுந்துவிடாதீர்கள்" என்று எழுதி அனுப்பினாள்.

மறுநாள் நீதிமன்றத்தில் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். ஊன்றுகோலோடு வந்த பெண்ணிடம் அக்கா கேட்டது கொஞ்சம்தான். குரலை உயர்த்தவில்லை. "டிரைவர் பக்கத்துல வந்தப்போ குடிச்ச வாடை அடிச்சுதாம்மா?" அந்தப் பெண் டிரைவரை ஒருமுறை பார்த்தாள். "இல்ல" என்றாள். அக்கா நன்றி சொல்லி உட்கார்ந்தாள்.

வராந்தாவில் அக்கா அவளைப் பார்த்துவிட்டாள். "எதுக்கு வந்த? மிச்சத்தையும் திட்டவா?"

"தெரியலக்கா. எதாவது சாப்பிட்டியா?"

அதற்குள் அந்தப் பெண்ணின் அம்மா அவர்களைக் கடந்து போனாள். போகிற போக்கில் அக்காவை ஏற இறங்கப் பார்த்தாள். அக்கா சுவரோடு ஒட்டி நின்று வழிவிட்டாள். தங்கை அவள் கையிலிருந்த வழக்குக் கட்டை வாங்கி, தன் மார்போடு அணைத்துக்கொண்டாள்.