க்ரூமுக்கு ஓராண்டுத் தாள்

க்ரூம் செத்து ஓராண்டு ஆகப்போகிறது. அந்த ஊர் வழக்கப்படி, குடியிருக்கும் கட்டடத்தின் வாசல் கதவில் ஒட்ட வேண்டிய நினைவுத் தாளை மறுநாள் காலைக்குள் அச்சகத்தில் கொடுத்தாக வேண்டும். அவர் மனைவி சோன்காவோ மூன்று நாளாக ஒரே வாக்கியத்தோடு உட்கார்ந்திருந்தாள்.

நாற்பதாம் நாளுக்கும் ஆறாம் மாதத்துக்கும் அச்சகத்தின் தயார்க் கவிதையையே போட்டிருந்தாள். பிறகுதான் பார்த்தாள்: செத்துப்போன மூன்றாம் மாடி பல் டாக்டரின் தாளிலும் அதே கண்ணீர், அதே அணையாத விளக்கு. முப்பத்தோரு வருஷம் குடித்தனம் நடத்திய மனுஷன் கதவில் யாரோ ஒருவராகத் தொங்கினார். இந்த முறையாவது அது க்ரூமாக இருக்க வேண்டும் என்று அவளுக்கு வைராக்கியம்.

'அன்பான' என்று தொடங்கினாள். அடித்துவிட்டுப் 'பேரன்புமிக்க' ஆக்கினாள். மறுபடி 'அன்பான'.

ஐந்தாம் மாடி வெலிச்கா முப்பது வருஷம் பத்திரிகையில் எழுதியவள். பேனாவை எடுத்தால் கொட்டும் என்று சோன்காவுக்கு எண்ணம். வெறுங்கையோடு போகக் கூடாதே என்று ஒரு பாட்டில் மிளகாய் ஊறுகாயோடு படியேறினாள். அங்கே மேசையெங்கும் கிறுக்கல். வெலிச்கா தனக்குத்தானே பேசியபடி நடந்துகொண்டிருந்தாள்.

"என்னக்கா, நீங்களே இவ்வளவு அடிச்சிருக்கீங்க?"

"தக்காளி விலையைப் பத்தி அரைப் பக்கம். நாலாவது தடவை. கடைசியா எழுதினதுதான் முதல்ல வரணும்னு இப்பத்தான் தெரிஞ்சுது. உன்னோடதைக் காட்டு."

வாங்கிப் படித்தாள். "மூணு நாளா இந்த ஒரு சொல்லுக்கா பவுடர் போட்டுக்கிட்டிருந்தே?"

"முதல் வரி சரியா வந்தாத்தானே அடுத்தது வரும்?"

"அது கிடக்கட்டும். இதை யாரு படிப்பாங்க?"

"பையும் கையுமா உள்ள வர்றவங்க."

"அவங்களுக்கு க்ரூம்னா என்ன ஞாபகம் வரும்? வாயில வர்றதையெல்லாம் எழுது. குப்பையா வரட்டும், அப்புறம் பொறுக்கிக்கலாம்."

சோன்காவுக்குச் சுருக்கென்றது. இருந்தாலும் எழுதினாள், நாலு பக்கம். அவர் குறட்டை. தூண்டிலோடு ஆற்றுக்குப் போய்விட்டுக் கடையில் மீன் வாங்கி வந்தது. லிஃப்ட் ஓடாத நாட்களில் அவர் செய்த அமர்க்களம். வெலிச்கா எதையும் திருத்தவில்லை, பென்சிலை நீட்டினாள். சோன்காவே அடித்தாள். நாலு பக்கத்தில் இரண்டு வரிதான் மிஞ்சியது. 'அன்பான' போனதுதான் அவளுக்குத் தாளவில்லை.

இரண்டு நாளில் தாள் கதவுக்கு வந்தது: "லிஃப்ட் ஓடாத நாளில் உங்கள் பையைப் பிடுங்கிச் சுமந்து, மாடிவரைக்கும் உங்களைத் திட்டிக்கொண்டே வந்த க்ரூம். அவர் போய் ஓராண்டு."

ஆறாம் மாடி பென்கோ அதைப் படித்தார். தொப்பியைக் கழற்றினார்.

"ஒரு தர்பூசணிக்கு ஆறு மாடித் திட்டு வாங்கினேன்யா" என்றார், தாளில் இருந்த க்ரூமின் படத்தைப் பார்த்து.

கதவுக்கு உள்பக்கம் நின்றிருந்த சோன்கா, அதைக் கேட்ட பிறகுதான் வீட்டுக்குப் போனாள்.