அரக்குக் கரை

காதர் மைதீன் சொல்லி முடிப்பதற்குள் சௌந்தரநாயகி எழுந்துவிட்டாள். மடியிலிருந்த வெற்றிலை பாயில் கொட்டியது.

"எந்தக் கரைன்னீங்க?"

"அரக்குதாம்மா. உங்க வீட்டுக்காரருக்குன்னு எடுத்தீங்கள்ல, அதே ரகம்."

குத்தாலம் கடைத்தெருவில் ஜவுளிக் கடை வைத்திருப்பவர் காதர் மைதீன். கல்யாணத்துக்கு விடியும்போதே வந்துவிட்டார். பந்தலில் உட்கார்ந்து காப்பியை ஆற்றிக்கொண்டு, ஒரு வேடிக்கைபோலத்தான் சொன்னார்.

"பண்ணை காரியஸ்தரு முந்தாநாள் கடைக்கு வந்தாரு. முழு வேட்டியையும் வாங்கிட்டு, கரைய மட்டும் ரெண்டு முழம் கிழிச்சுத் தாய்யான்னாரு. மிச்சத்த அங்கயே போட்டுட்டுப் போயிட்டாரு. கேட்டா, பண்ணை வீட்டம்மா தலகாணி உறைக்குக் கரை வச்சுத் தைக்கிறாங்களாம். இருவது வருசமாத் துணி கிழிக்கிறேன். இப்படி ஒரு தலகாணியக் கேள்விப்பட்டதில்ல."

அவர் சிரித்தார். சௌந்தரநாயகி சிரிக்கவில்லை.

நேற்று மதியம் வாழைத்தார் வந்துவிட்டதா என்று பார்க்க ரோட்டுக்குப் போயிருந்தாள். டீக்கடையில் இரண்டு புது ஆட்கள். ஒரே சைக்கிள். ஒருவன் சட்டைப் பையிலிருந்து ஒரு துணித் துண்டை எடுத்து விரித்து மற்றவனிடம் காட்டினான். மறுபடி மடித்து வைத்துக்கொண்டான். கைக்குட்டை என்று நினைத்தாள். அதன் நிறம் இப்போதுதான் நினைவுக்கு வந்தது.

பத்து நாளைக்கு முன்னால் காதர் மைதீன் கடையில் வாயை விட்டது அவள்தான்.

பெண்ணைப் பெற்றவர்களுக்கு மாப்பிள்ளை வீடும், மாப்பிள்ளையைப் பெற்றவர்களுக்குப் பெண் வீடும் புதுசு எடுப்பது வழக்கம். இரண்டு வீடும் சேர்ந்துதான் கடைக்குப் போனார்கள். அறுப்பு நேரம் என்று அவள் கணவர் இளையபெருமாள் வரவில்லை. மாப்பிள்ளையின் அப்பா ராசு வந்திருந்தார். சீர்காழியில் அரவை மில்லில் மூட்டை எடை போடுகிறவர். குட்டையான, உருண்டையான மனிதர்.

"கட்சிக் கரை போடவா? கறுப்பு செவப்பு கடையில நிக்க மாட்டேங்குது, அவ்வளவு ஓட்டம்," என்றார் காதர் மைதீன்.

"வேணாங்க. பொண்ணப் பெத்தவரு அன்னிக்கு ஒரு நாளாவது எல்லாருக்கும் பொதுவா இருக்கட்டும்," என்றாள் சௌந்தரநாயகி.

ராசுவின் மனைவி மலர்கொடி பெண்ணின் அப்பாவுக்கு அரக்குக் கரை வேட்டியும், சௌந்தரநாயகிக்கு அதே அரக்கில் சேலையும் எடுத்தாள். பதிலுக்கு அவர்கள் இருவருக்கும் பச்சை. ராசு அரக்கைத் தோளில் போட்டுக்கொண்டு கண்ணாடியை விட்டு நகரவே இல்லை.

"எனக்கு இது எடுப்பா இல்ல?"

"உங்களுக்குப் பச்சதான்," என்றாள் மலர்கொடி. "அரக்கக் கட்டிக்கிட்டு மில்லுக்குப் போனா மொளகா மூட்டைன்னு தராசுல தூக்கி வச்சிருவானுங்க."

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் காரியஸ்தர் அமிர்தலிங்கம் கடைக்குள் வந்தார். பண்ணையின் நிலம், நெல், ஆள் எல்லாம் அவர் கையில்தான். இளையபெருமாளோடு ஆறு மாதமாகப் பேச்சில்லை. அன்றைக்கு என்னவோ சிரித்தார்.

"என்ன சௌந்தரம், கல்யாண ஜவுளியா? இளையபெருமாளுக்கு எது?"

பேசிவிட்டாரே என்ற சந்தோஷத்தில் அவள் விரித்தே காட்டினாள். "இந்த அரக்கு அவருக்குங்க. இந்தப் பச்ச சம்பந்திக்கு."

அமிர்தலிங்கம் கரையை இரண்டு விரலால் தடவிப் பார்த்தார். "நல்ல கரை. தூரத்துலயே தெரியும்."

பேச்சு நின்றதற்குக் காரணம் ஊருக்கே தெரியும். குத்தகைக்கு உழுகிறவன் தன் பெயரைப் பதிவு செய்துகொள்ளலாம் என்று இந்த அரசாங்கம் சட்டம் கொண்டுவந்ததும், பண்ணை நிலத்துக்கு முதல் மனுவைப் போட்டவர் இளையபெருமாள். அவரைப் பார்த்து இன்னும் பத்துக் குடும்பம் போட்டது. வருகிற திங்கட்கிழமை மாயவரம் தாலுகா ஆபீசில் அவர் சாட்சி சொல்ல வேண்டும். அவர் சொன்னால் எல்லார் பெயரும் ஏறும். அவர் இல்லையென்றால் மற்றவர்கள் வாயே திறக்க மாட்டார்கள்.

இன்று வெள்ளிக்கிழமை.

சௌந்தரநாயகி கூடத்துக்குள் போனாள். சுவரோரம் இரண்டு தாம்பாளம். ஒன்றில் அரக்கு, ஒன்றில் பச்சை. முகூர்த்தத்துக்கு முன்னால் சம்பந்திகள் தட்டு மாற்றிக்கொண்டு, உள்ளே போய்ப் புதுசு கட்டி வந்து மணமேடையில் நிற்க வேண்டும்.

அவரிடம் சொன்னால்? டீக்கடை ஆட்களைப் பற்றி நேற்றே சொன்னாள். "கல்யாண வீடுன்னா நாலு பேரு வரத்தான் செய்வான்," என்று முடித்துவிட்டார். இதையும் சொன்னால், அந்த வேட்டியையே கட்டிக்கொண்டு நடு ரோட்டில் போய் நிற்பார். அப்படிப்பட்ட ஆள்.

மேளச் சத்தம் வாசலுக்கு வந்துவிட்டது. அவள் அரக்கு வேட்டியை எடுத்தாள். பச்சையை எடுத்தாள். இடம் மாற்றி வைத்தாள். அவ்வளவுதான். ராசு குட்டை, இவர் நெட்டை, முகம் தெரியாமலா போய்விடும் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். யாராவது கேட்டிருப்பார்களோ என்று திரும்பிப் பார்த்தாள். யாருமில்லை.

புதுசு கட்டிக்கொண்டு ஆண்கள் இருவரும் மேடைக்கு வந்தபோது மலர்கொடி கண்ணை இடுக்கிப் பார்த்தாள்.

"சம்பந்தியம்மா, தட்டு மாறிப்போச்சு போலருக்கே."

ராசு முந்திக்கொண்டார். "மாறினா மாறட்டும். கட்டினத அவுக்கச் சொல்லாத." துண்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினார். "சம்பந்தியம்மாவுக்கு என் மனசு தெரிஞ்சிருக்கு. உனக்குத்தான் இருவத்தஞ்சு வருசமாத் தெரியல."

"அவங்க சேலையும் அரக்கு, உங்க கரையும் அரக்கு. என்னைய யாருன்னு ஊரு கேக்கப்போவுது."

பந்தலே சிரித்தது. இளையபெருமாள் மட்டும் தன் பச்சைக் கரையைக் குனிந்து பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"எனக்கு அரக்குன்னுல்ல சொன்ன?"

"மாறிப்போச்சுங்க."

தாலி ஏறியது. மகள் பூங்கோதையின் தலையில் விழுந்த அட்சதையை எண்ணுவதுபோல சௌந்தரநாயகி குனிந்தே இருந்தாள். முதல் பந்தி முடிந்தபோது மணி எட்டு. தை மாதப் பனி இன்னும் விலகவில்லை. பந்தலுக்கு வெளியே பத்தடிக்கு மேல் எதுவும் தெரியவில்லை. மில்லிலிருந்து வந்த கூட்டாளிகளைப் பஸ் ஏற்றிவிட ராசு கிளம்பினார்.

அரக்குக் கரை வாய்க்கால் பாதையில் போவதை அவள் பார்த்தாள். கூப்பிடலாம் என்று வாயெடுத்தாள். பந்தியில் இளையபெருமாள் யாருக்கோ இன்னொரு கரண்டி சாம்பார் ஊற்றச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் குரல் கேட்டது. அவள் வாயை மூடிக்கொண்டாள். பனியில் முதலில் தலை மறைந்தது, பிறகு வெள்ளை மறைந்தது. கடைசிவரை தெரிந்தது கரைதான்.

பாத்திரம் தேய்க்க வந்திருந்த கண்ணாத்தாள்தான் பார்த்தவள். வாய்க்கால் படியில் இருந்தாள். மத்தியானம் போலீஸ்காரர்களிடம் அவள் சொன்னதைச் சௌந்தரநாயகி கதவுக்குப் பின்னால் நின்று கேட்டாள்.

"பஸ்ஸு ஏத்திவிட்டுட்டுத் தனியாத் திரும்பினாருங்க. சைக்கிள்ல வந்த ரெண்டு பேருல ஒருத்தன் எறங்கி, 'ஐயாதான் பொண்ணுக்கு அப்பாவா'ன்னு மரியாதையாத்தான் கேட்டான். இவரு வேட்டிய ஒரு தட்டுத் தட்டிக்கிட்டு, 'இன்னியிலேருந்து பொண்ணுக்கும் நான்தான்யா அப்பன்'னாரு. சிரிச்சிக்கிட்டேதாங்க சொன்னாரு." கண்ணாத்தாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "அப்பறம் சைக்கிள் மணிச் சத்தந்தான் கேட்டுச்சு. பனில ஒண்ணும் தெரியலீங்க."

"ஆளு மாறிப்போச்சு," என்றார் இன்ஸ்பெக்டர், எழுதிக்கொண்டே.

"எனக்கு வந்தது," என்றார் இளையபெருமாள்.

மறுநாள் காலை கோடித் துணி எடுக்க இளையபெருமாளும் சௌந்தரநாயகியும் குத்தாலத்தில் இறங்கினார்கள். செத்தவர்மேல் சம்பந்தி வீட்டுக் கோடி விழ வேண்டும். சம்பந்தியாகி ஒரு நாள்தான் ஆகியிருந்தது.

காதர் மைதீன் கடையைப் பாதிதான் திறந்திருந்தார். இவர்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"ராத்திரியெல்லாம் தூக்கமில்லைய்யா. என் கையாலதான் கிழிச்சுக் குடுத்தேன்."

"எத?" என்றார் இளையபெருமாள்.

"அந்தக் கரையத்தான். தலகாணி உறைக்குன்னு சொன்னதை நம்பிட்டேன். நேத்து விடியக்காலம் அம்மாகிட்ட சொன்னப்பகூட எனக்கு உறைக்கலய்யா. அம்மாவுக்குத்தான் உறைச்சிச்சு. சட்டுனு எந்திரிச்சு உள்ள போனாங்க. உங்ககிட்டதான் சொல்லப் போறாங்கன்னு நெனச்சேன்."

இளையபெருமாளின் கை துணிக்கட்டின்மேல் அப்படியே இருந்தது. "முழுசாச் சொல்லுங்க," என்றார். காதர் மைதீன் முழுவதையும் சொன்னார். காரியஸ்தர் வந்தது, கிழித்தது, அவள் எந்தக் கரை என்று திருப்பிக் கேட்டது. சௌந்தரநாயகி தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எதிர்க்கடையில் ஒருவன் பூசணிக்காயைத் தின்ன வந்த மாட்டை விரட்டிக்கொண்டிருந்தான்.

"போலீஸ் கேட்டா இதச் சொல்லுவீங்களா?"

"அல்லா மேல ஆணையாச் சொல்லுவேன்யா."

இளையபெருமாள் தலையை ஆட்டினார். அவள் பக்கம் திரும்பவில்லை.

"கரையில்லாததாக் குடுங்க," என்றார்.

ஆஸ்பத்திரியிலிருந்து உடலைக் கொண்டுவந்து ராசுவின் வீட்டு வாசலில் கிடத்தியிருந்தார்கள். மலர்கொடி இன்னும் அந்தப் பச்சைச் சேலையிலேயே இருந்தாள். சௌந்தரநாயகியைக் கண்டதும் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"அவரு ஆசப்பட்டத நீங்கதான் குடுத்தீங்க, சம்பந்தியம்மா. நான்கூட வேணாம்னுட்டேன். மனசு குளுந்துதான் போனாரு."

சௌந்தரநாயகியின் கை அந்தப் பிடிக்குள் கிடந்தது.

சுவரோரமாகப் பூங்கோதை நின்றாள். கழுத்தில் மஞ்சள் கயிறு ஈரம் காயவில்லை. பெண்கள் கூட்டத்திலிருந்து யாரோ, அவள் காதில் விழட்டும் என்றே சொன்னார்கள். "மருமவ வந்த நேரம். வாசப்படி மிதிக்கல, அதுக்குள்ள மாமனார அனுப்பிட்டா."

பூங்கோதை அம்மாவைப் பார்த்தாள். சின்ன வயதில் யாராவது அடித்துவிட்டால் பார்க்கிற அதே பார்வை. அப்படிப் பார்த்தால் அம்மா எழுந்துபோய்ச் சண்டை போடுவாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்தப் பழி மகளைவிட்டு இறங்கிவிடும். சௌந்தரநாயகி எழுந்திருக்கவில்லை. இளையபெருமாள் கோடியை விரித்து ராசுவின்மேல் போர்த்தினார். கழுத்துவரை இழுத்து, வெட்டு தெரியாமல் மடித்துவிட்டார். மடித்த இடத்தைத் திரும்பத் திரும்ப நீவிக்கொண்டே இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் சோறு கேட்டார், தண்ணீர் கேட்டார். வேறு பேச்சில்லை.

திங்கட்கிழமை விடியலில் வாய்க்காலில் குளித்துவிட்டு வந்தார். மற்ற பத்துப் பேரும் ரோட்டில் காத்திருப்பதாக ஏற்பாடு. ரோடுவரை அவர் தனியாகத்தான் போக வேண்டும். சௌந்தரநாயகி டிரங்குப் பெட்டியைத் திறந்துவைத்து அதன் முன்னால் உட்கார்ந்திருந்தாள். மேலே பச்சைக் கரை வேட்டி, துவைத்து மடித்தது. அதற்கு அடியில் போன பொங்கலுக்கு எடுத்தது. கரையில்லாத வெள்ளை. இரண்டு தடவைகூடக் கட்டியிருக்க மாட்டார்.

இளையபெருமாள் குனிந்து அதைப் பார்த்தார்.

"இது கல்யாணத்தன்னிக்கும் இங்கதான் இருந்துச்சா?"

"இருந்துச்சுங்க."

அவர் நிமிர்ந்தார். இத்தனை வருஷத்தில் எதைக் கட்டுவது என்று அவர் அவளைக் கேட்டதில்லை. கையில் கிடைத்ததைச் சுற்றிக்கொண்டு போகிறவர்.

"எதக் கட்டிக்கிட்டுப் போகட்டும்? நீயே எடுத்துக் குடு."

கையை நீட்டிக்கொண்டு நின்றார். தலையிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்தது. வெளியே பனி வாசல்வரை வந்திருந்தது. வாய்க்கால் பாதையில், எங்கோ உள்ளே, சைக்கிள் மணி ஒருமுறை அடித்து நின்றது.

சௌந்தரநாயகியின் கை பெட்டிக்குள்ளேயே இருந்தது.