மாப்பிள்ளை பக்கம்

லிஃப்டுக்குள் பெட்டி நுழையாது என்று பார்த்தாலே தெரிந்தது. இருந்தாலும் பெரிய மாமா கீழ்க்கடை தையற்காரரிடம் டேப் வாங்கி, குறுக்கே ஒரு தடவை, மூலைக்கு மூலை ஒரு தடவை அளந்து பார்த்தார். பிறகு டேப்பைச் சுருட்டிக்கொண்டே, நிற்க வைத்துத்தான் கொண்டுபோக வேண்டியிருக்கும், அது முறையில்லை என்றார். ஆயுள் முழுக்க லிஃப்ட் ரிப்பேர் பார்த்த மனிதர் கடைசியில் படிக்கட்டு வழியாகத்தான் இறங்கப் போகிறார் என்பது மகளுக்கு அப்போதுதான் உறைத்தது. அப்பா இருந்திருந்தால் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பார். அவளுக்கும் சிரிப்பு வந்தது. கூடவே அழுகையும் வந்துவிடும் போலிருந்ததால் உள்ளே போய்விட்டாள்.

கூடத்தில் அப்பா படுத்திருந்தார். முந்தின நாள் மதியம் சாப்பிட்டுவிட்டுக் கை துடைக்கத் துண்டு கேட்டார். அம்மா துண்டோடு வருவதற்குள் போய்விட்டார். இதயம் கொஞ்ச காலமாகவே மக்கர் பண்ணிக்கொண்டிருந்தது. "இதுக்கு மட்டும் ஸ்பேர் பார்ட் கிடைக்க மாட்டேங்குது" என்று அவரே சொல்லுவார். இப்போது அவரைச் சுற்றி அம்மா வீட்டு ஆட்கள். அம்மாவோடு பிறந்தவர்களே எட்டுப் பேர். அவர்கள் பெற்றதும், பெற்றது கட்டிக்கொண்டதும், அதுகள் பெற்றதுமாக வீடு கொள்ளவில்லை.

வாசலில் வேறொரு கூட்டம் நின்றது. மூன்றாம் மாடி டீச்சர் தலையை வாரி, இருப்பதில் நல்ல உடையாக உடுத்திக்கொண்டு வந்திருந்தாள். எதிர் வீட்டுக்காரர் போனைத் துடைத்துக் கையில் தயாராக வைத்திருந்தார். படிக்கட்டை யாரோ சோப்புப் போட்டுக் கழுவிவிட்டிருந்தார்கள். அவர்கள் அழ வரவில்லை என்று சொல்ல முடியாது. அப்பாவுக்காக அழத்தான் வந்திருந்தார்கள். பாடகி வருவாள் என்றும் வந்திருந்தார்கள்.

அது டிவி பண்ணின வேலை. நாலு பேருக்குத் தெரிந்த முகங்கள் தங்கள் பாட்டன் பூட்டனைத் தேடிப் போகிற நிகழ்ச்சி ஒன்று வாரா வாரம் வரும். பழைய வீடு, பழைய கல்லறை, பழைய காகிதம், கடைசியில் கண்ணீர். இந்த வீட்டில் அதைச் சும்மா பார்க்கிற வழக்கம் இல்லை. அப்பா, அம்மா, மகள், கடைக் கதவைப் பாதி இறக்கிவிட்டு மேலே ஏறி வரும் தையற்காரர், நாலு பேரும் டிவியோடு பேசுவார்கள். அழப்போகிறவரின் மூக்கு நுனி சிவப்பதை அம்மாதான் முதலில் கண்டுபிடிப்பாள். பூட்டனுக்கு இந்த அழுகை அழுகிறவன் பெற்ற தாய்க்கு மாதம் ஒரு போனாவது போட்டிருப்பானா என்று கேட்பாள். கேட்டுவிட்டு அவளும் முந்திக்கொண்டு அழுவாள். ஒரு நகைச்சுவை நடிகரின் முப்பாட்டன் குதிரை திருடியவன் என்று தெரியவந்தபோது அந்த நடிகர் பெருமையில் பூரித்துப் போனார். அப்பாவுக்குப் பொறுக்கவில்லை.

"பெரிய மனுஷன் வீட்டுத் திருடன்னா வரலாறு. நம்ம வீட்டுத் திருடன்னா திருடன்தான்" என்றார்.

அம்மாவின் தம்பி ஒருவர் இளவட்ட வயதில் சைக்கிள் திருடி மாட்டினவர். அம்மா அதற்குப் பிறகு இரண்டு நாள் அப்பாவோடு பேசவில்லை.

கேலியெல்லாம் மேலுக்குத்தான். அப்பாவுக்கு அந்த நிகழ்ச்சியின் மேல் ஒரு பசி இருந்தது. அவருக்கென்று வம்சம் கிடையாது. அவருடைய அம்மா கைக்குழந்தையோடு வீடு வீடாக மாறி வந்தவள். புருஷனைப் பற்றி வாய் திறக்காமலே கண்ணை மூடினாள். ஒரு போட்டோகூட இல்லை. அப்பாவின் கல்யாணத்தில் பெண் வீட்டார் மண்டபத்தை நிறைத்தார்கள். அவர் பக்கம் அவர் அம்மா ஒருத்தி. "மாப்பிள்ளை பக்கத்துக்கு ஒரு ஸ்டூல் போதும்" என்று அன்று யாரோ அடித்த பகடி, அந்தக் குடும்பத்தில் நடந்த ஒவ்வொரு கல்யாணத்திலும் திரும்பத் திரும்ப வந்தது. அப்பாவும் கூடச் சேர்ந்து சிரிப்பார். மற்றவர்கள் நிறுத்தின பிறகும் கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டிருப்பார். மகளுக்கு அந்தக் கொஞ்ச நேரம் சிறு வயதிலிருந்தே பிடிக்காது.

போன வருடம் ஒரு நாள் அந்த நிகழ்ச்சிக்கு ஒரு பாடகி வந்தாள். அவளுடைய கொள்ளுப்பாட்டி வீட்டில் எடுத்த குடும்பப் படத்தைக் காட்டினார்கள். பின்வரிசை ஓரத்தில் காது விடைத்த ஒரு பெரியவர். மற்ற எல்லாருக்கும் பெயரும் உறவும் சொல்லிக்கொண்டு வந்த ஆராய்ச்சியாளர், இவர் மட்டும் யாரென்று தெரியவில்லை என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டார். அப்பா போகவில்லை. எழுந்து டிவி அருகே போய் அந்த ஆள் இருந்த இடத்தில் விரலை வைத்தார். படம் மாறி விளம்பரம் வந்த பிறகும் விரலை எடுக்கவில்லை.

"எங்க தாத்தா" என்றார்.

அன்றிலிருந்து தையற்காரர் எதிர்க்கட்சி. காது ஒத்துப்போகிறது, இல்லையென்று சொல்லவில்லை. கழுத்துக்கு என்ன பதில் என்று கேட்டார். அந்த ஆளுக்குக் கொக்குக் கழுத்து. "உனக்குக் காலர் வெக்கறதுக்கு நான் படற பாடு எனக்குத்தான் தெரியும் மெக்கானிக்கு. இருக்கற கழுத்துல எங்கேன்னு வெக்கறது?" என்றார். கழுத்து அம்மா வழியில் வந்திருக்கும் என்றார் அப்பா. வாரா வாரம் இந்த வழக்கு நடந்தது. கட்டிடத்தில் ஆளுக்கொரு கட்சி. ஆனால் சொன்னதையே சொல்லிக்கொண்டிருப்பவன்தான் கடைசியில் ஜெயிப்பான். தையற்காரரைத் தவிர எல்லாரும் நாளாவட்டத்தில் அப்பா பக்கம் சாய்ந்தார்கள். பாடகி 'நம்ம பொண்ணு' ஆனாள். அவளுக்குப் பரிசு கிடைத்தபோது அப்பா மாடி மாடியாக ஏறி மிட்டாய் கொடுத்தார். அவளுக்கு விவாகரத்து என்று செய்தி வந்தபோது, நம்மகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்று உண்மையாகவே வருத்தப்பட்டார்.

மகளுக்குக் குடிநீர் அலுவலகத்தில் வேலை. புகார் போன் எடுப்பவள். 'குறித்துக்கொண்டோம்' என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று அவளுக்குத் தெரியாதா? படத்தில் இருந்த பெரியவர் யார் என்று கேட்டுப் போன் போட்டவளிடம் டிவி அலுவலகம் அதையே சொன்னபோது அவள் விடவில்லை. ஆள் மேல் ஆளாகப் பிடித்து, கடைசியில் அந்த ஆராய்ச்சியாளரையே பிடித்துவிட்டாள். நல்ல மனிதர், பொறுமையாகப் பேசினார். நிகழ்ச்சி வந்த பிறகு விவரம் கிடைத்துவிட்டது என்றார். படத்தில் இருந்தவர் அன்று அந்த வீட்டுக்குக் கடிகாரம் ரிப்பேர் பண்ண வந்தவராம். பின்வரிசையில் ஒரு ஆள் குறைந்தது, பார்க்க நன்றாக இருக்காது என்று போட்டோக்காரர் அவரைக் கூப்பிட்டு நிற்க வைத்தாராம். கடைசிவரை ஒண்டிக்கட்டையாகவே இருந்து காலமானாராம்.

வீட்டுக்கு வந்ததும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வந்தாள். அப்பா பால்கனியில் நின்று எதிர் வீட்டுக்காரருக்குத் தன் வம்சத்தை விளக்கிக்கொண்டிருந்தார். இவளைப் பார்த்ததும், "இவகிட்ட கேளுங்க, இவளுக்கும் காது அதேதான்" என்றார். அவளுக்குச் சொல்ல வாய் வரவில்லை. அன்று வராதது அதற்குப் பிறகு ஒரு நாளும் வரவில்லை.

அம்மா வீட்டில் ஒரு முறை உண்டு. பெட்டியைத் தூக்கும்போது முன்பக்கம் இரண்டு பேரும் போனவருடைய சொந்த ரத்தமாக இருக்க வேண்டும். சம்பந்த வகையறா பின்னால்தான். யார் வைத்த சட்டமோ, பெரிய மாமா இருக்கும்வரை அதை மீற ஆளில்லை. போன வாரம் அப்பா மகளைக் கூப்பிட்டுக் கட்டிலில் பக்கத்தில் உட்கார வைத்தார்.

"முன்னாடி நிக்க என் பக்கத்துல யாரும்மா இருக்கா? நம்ம பொண்ணுக்குச் சொல்லு. அவ வர முடியலைன்னாலும் அண்ணன் தம்பி யாரையாவது அனுப்புவா. என்னை ஆளில்லாதவனா அனுப்பிடாதே."

"சொல்றேம்பா."

இரண்டு நாள் கழித்து, சொல்லிவிட்டாயா என்று கேட்டார். சொல்லியாச்சு, வருகிறோம் என்றார்கள் என்றாள். அவர் முகம் மலர்ந்தது. அன்றைக்கே கட்டிடம் முழுவதும் போனில் சொல்லிவிட்டார். அந்தப் பொய்யைக் கொண்டுபோய் எங்கே இறக்கி வைப்பது என்றுதான் நேற்றிலிருந்து அவளுக்குத் தெரியவில்லை.

பெட்டியை மூடினார்கள். அம்மா அதன் மேல் கையை வைத்துக்கொண்டு எழுந்திருக்காமல் இருந்தாள். தெருவில் ஒரு கார் நின்ற சத்தம் கேட்டதும் வாசல் கூட்டம் மொத்தமும் கீழே எட்டிப் பார்த்தது. யாரோ கூரியர் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

பெரிய மாமா கெட்டவர் இல்லை. முறை முறை என்று உயிரை விடுவாரே தவிர, அப்பா மேல் அவருக்குப் பிரியம்தான். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, "மாப்பிள்ளை பக்கத்துல யாரும்மா முன்னாடி? அந்தப் பாட்டுக்காரப் பொண்ணு வீட்டுல இருந்து வரேன்னாங்களாமே?" என்றார்.

எல்லாரும் மகளைப் பார்த்தார்கள். வர மாட்டார்கள் என்று சொல்லிவிடலாம். ஏன் என்று கேட்பார்கள். கடிகாரக்காரர் கதையைச் சொல்ல வேண்டும். இன்றைக்கு யாரும் சிரிக்க மாட்டார்கள். ஆனால் அடுத்த கல்யாணத்தில் ஸ்டூலோடு இதையும் சேர்த்துக்கொள்வார்கள். அப்போது கூடச் சேர்ந்து சிரிக்க அப்பா இருக்க மாட்டார்.

"மாமா, அவங்க..." என்று ஆரம்பித்தாள். கையிலிருந்த தண்ணீர்ச் சொம்பை மறு கைக்கு மாற்றினாள்.

வாசலில் நின்றவர்களை விலக்கிக்கொண்டு தையற்காரர் உள்ளே வந்தார். காலையிலிருந்து கடை திறக்கவில்லை. பெட்டியின் முன்பக்கம் போய் நின்றார்.

"நான் இருக்கேன்."

மாமாவுக்குப் புரியவில்லை. "நீங்க கீழ டேப் குடுத்த டெய்லர்தானே?"

"கடை கீழ. ஆள் சொந்தம். இவர் எனக்குப் பெரியப்பா பையன்."

எதிர் வீட்டுக்காரர் என்னவோ சொல்ல வாயெடுத்தார். டீச்சர் அவர் கையில் நறுக்கென்று கிள்ளினாள். ஒரு வருடமாகக் காலர் வைக்கக் கழுத்தில்லை என்று வாதாடின மனிதர், கண்ணை வேறெங்கும் திருப்பாமல் மாமாவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இத்தனை வருஷமா ஒருத்தரும் சொல்லலையே?" என்றார் மாமா.

"எங்களை என்ன டிவிலயா காட்டினாங்க, உங்களுக்குத் தெரியறதுக்கு?"

மாமா அம்மாவைப் பார்த்தார். அம்மா பெட்டியிலிருந்து கையை எடுக்கவும் இல்லை, தலை நிமிரவும் இல்லை.

"ஆமா அண்ணா. பெரியப்பா பையன்தான்" என்றாள். பிறகு ஒரு மூச்சு விட்டு, "கல்யாணத்துக்கு வரதாத்தான் இருந்தாரு. காய்ச்சல் வந்துடுச்சு" என்று சேர்த்தாள்.

மாமாவுக்கும் கண் கலங்கியிருந்தது. அவர் எதை நம்பினார், எதை நம்பவில்லை என்று பிறகும் யாரும் அவரிடம் கேட்கவில்லை. "சரி" என்றார். "இன்னொருத்தர் வேணுமே."

தையற்காரர் மகள் பக்கம் திரும்பினார்.

"நீ எந்தப் பக்கம்மா?"

அம்மாவின் அம்மாவை அப்படியே உரித்து வைத்திருக்கிறது என்று சொல்லிச் சொல்லித்தான் மாமாக்கள் அவளை வளர்த்திருந்தார்கள். பண்டிகையோ சாவோ, அவள் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி. அப்பா பக்கத்தில் ஆளில்லையே என்று நேற்றிலிருந்து மனசுக்குள் தேடின தேடலில் தன்னைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று அவளுக்கே தோன்றவில்லை. அவள் கையிலிருந்த தண்ணீர்ச் சொம்பைக் கீழே வைத்துவிட்டு முன்னால் வந்தாள். பெண் பிள்ளையா தூக்குவது என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. மாமா திரும்பிப் பார்த்தார். குரல் அடங்கியது.

தூக்கினார்கள். முன்னால் தையற்காரரும் அவளும். பின்னால் பெரிய மாமாவும், சைக்கிள் மாமாவும். அப்பா இவ்வளவு கனம் இருப்பார் என்று அவள் நினைத்திருக்கவில்லை. படிக்கட்டில் நின்றவர்கள் சுவரோடு ஒட்டி வழி விட்டார்கள். கையில் போன் வைத்திருந்தவர்கள் அதைப் பைக்குள் போட்டுக்கொண்டார்கள்.

முதல் திருப்பத்திலேயே பெட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. தையற்காரர் குள்ளம், அவள் அப்பாவைப் போல வளர்த்தி. சமமாகப் பிடிக்கச் சொல்லிப் பின்னாலிருந்து மாமா குரல் கொடுத்தார். தையற்காரர் குதிகாலைத் தூக்கி நின்று பார்த்தார். அவர் நெற்றியில் நரம்பு புடைத்திருந்தது. இத்தனை வருடங்களாக அவள் அவரை டெய்லர் அங்கிள் என்றுதான் கூப்பிட்டு வந்திருக்கிறாள்.

"நீங்க எக்காதீங்க சித்தப்பா" என்றாள்.

அவர் குதிகாலை இறக்கிக்கொண்டார்.

அவள் முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, அவர் உயரத்துக்குத் தாழ்ந்துகொண்டாள். பெட்டி நேரானது. அப்படியே அடுத்த படியில் காலை வைத்தாள்.